வாசித்துக் காட்டிய உறுதி

“கல்யாண ஊட்டுக்குப் போய்ட்டு வந்த மனிசன் என்னத்துக்குச் சோத்துப் பானையத் தொறக்கிறீங்க?”

குசினி வாசலில் நின்று கேட்டாள் சுல்பிகா. காலிதீன் பானை மூடியைக் கழற்றி வைத்தான். வெள்ளைச் சேர்ட்டின் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, காலையில் வடித்த சோற்றை அகப்பையால் அள்ளிப் பீங்கானில் போட்டான். சட்டியில் மீன் ஆணம் கொஞ்சம் கிடந்தது. அதைச் சூடு காட்டவும் அவனுக்குப் பொறுமை இல்லை. அப்படியே ஊற்றிப் பிசைந்தான்.

“எழும்பிட்டாங்களா?” என்றாள் சுல்பிகா. குரல் இறங்கியிருந்தது.

“ஓம்.”

“எல்லாருமா?”

“சஹன்ல இருந்த எல்லாரும்.”

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “போக வேணாம், போக வேணாம் எண்டு தலப்பாடா அடிச்சன். கேட்டீங்களா? கல்யாணக் காட் அடிச்சிக் குடுத்துட்டா அவங்களும் நாமளும் ஒண்டாகிடுவமா?”

சாய்ந்தமருது போன்ற அந்தக் கரையோர முஸ்லிம் ஊர்களில் கல்யாணம், கந்தூரி எதுவானாலும் சோறு சஹனில்தான் வரும். பெரிய வட்டத் தட்டு. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகக் கைவைத்து உண்பார்கள். முதலாளியும் கூலிக்காரனும் ஒரே சஹனில் பிசைவார்கள். எங்களுக்குள் சாதி கிடையாது என்று வெளியூர்க்காரரிடம் பெருமை பேசும்போது சாய்ந்தமருதார் எடுத்துக் காட்டும் முதல் சாட்சியும் அதுதான்.

அந்தச் சஹனில் கைவைக்க முடியாதவர்கள் ஊரில் ஒரு சில குடும்பங்கள் இருந்தன. பையன்களுக்குச் சுன்னத்துச் செய்யும் ஒஸ்தாக் குடும்பங்கள். அவர்களுக்குத் தனிப் பீங்கான், தனி மூலை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் தங்களுக்குள்ளேயே. காலிதீனின் வாப்பா கச்சிமுகம்மது அப்படியொரு ஒஸ்தா. சுல்பிகாவின் வாப்பாவும் அப்படித்தான். ஊரில் நடமாடிய ஆண்களில் பாதிப் பேர் சின்ன வயதில் கச்சிமுகம்மதுவின் மடியில் இருந்து அலறியவர்கள். அந்தக் கை இல்லாமல் அவர்களுக்கு மார்க்கம் நிறைவேறாது. அதே கை பட்ட சோறு மட்டும் தொண்டையில் இறங்காது.

கச்சிமுகம்மது தன் ஒரே மகனின் கையில் கத்தியைக் கொடுக்கவில்லை. கொழும்புக்கு அனுப்பிச் சட்டம் படிக்க வைத்தார். எழுபத்தேழில் காலிதீன் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்தபோது அவர் உயிரோடு இருந்தார். கறுப்புக் கோட்டைத் தடவிப் பார்த்து, “இனி ஒன்ன ஆரும் தனிய வெக்க மாட்டாங்கடா மகன்” என்றார். நல்லவேளை, அந்த நம்பிக்கையோடேயே மௌத்தாகிவிட்டார்.

இன்றைய கல்யாணம் ஒரு புடவைக்கடைக்காரர் வீட்டில். கடைக்கட்டிடம் பறிபோக இருந்த வழக்கில் அவருக்காகப் பேசி வென்று கொடுத்தவன் காலிதீன். அந்த மனிதர் நேரில் வந்து, “நீங்க வராட்டி எனக்குக் கல்யாணமே இல்ல” என்று சொல்லி அழைப்புக் காட் கொடுத்திருந்தார். காலிதீன் போய் உட்கார்ந்தான். சஹன் வந்தது. நெய்ச்சோற்றின் மேல் இறைச்சியைக் கொட்டிவிட்டுப் பரிமாறுகிறவன் போனான். பக்கத்திலிருந்த பள்ளிக்கூட வாத்தியார் யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பிப் பார்த்து எழும்பினார். மீன் முதலாளி தன் மகனைத் தேடவேண்டும் என்றார். மூன்றாமவன் காரணம் எதுவும் சொல்லவில்லை. எழும்பிப் போய் அடுத்த சஹனில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அந்த மூவரில் அவன்தான் யோக்கியன் என்று காலிதீனுக்குப் பட்டது.

பிறகு புடவைக்கடைக்காரர் ஓடி வந்தார். கையில் ஒரு பூப்போட்ட பீங்கான்.

“லோயர் தம்பி, உங்களுக்கு வசதியா இரிக்கட்டும் எண்டு தனிய எடுத்து வெச்சன். உள் அறையில இருந்து திங்கலாம்.”

அவர் முகத்தில் உண்மையான அன்பு இருந்தது. அதுதான் காலிதீனை எழும்பி வீட்டுக்கு வர வைத்தது.

இப்போது குசினியில், பீங்கானில் பிசைந்த சோறு அப்படியே கிடந்தது. அவன் எழும்பிக் கை கழுவினான்.

*

நாலு வருடமாகக் கல்முனையில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தொழில் நடத்திவந்தான் காலிதீன். கட்டிடம் கனகரெத்தினம் என்ற மூத்த சட்டத்தரணியுடையது. அவருடைய அலுவலகம் முன்னால், இவனுடையது பின்னால்.

முதல் வருடம் நாற்காலிக்கும் அவனுக்கும் மட்டுந்தான் வழக்கு. பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும் கட்சிக்காரர்களை மடக்கி, கமிஷன் தருகிற லோயரிடம் கொண்டுபோய் விடுவதற்கென்று புரோக்கர்மார் இருந்தார்கள். காலிதீன் கமிஷன் கொடுக்க மறுத்தான். “அவர்ட்டயா? அவர் ஒஸ்தாட மகனெல்லுவா” என்ற ஒரு சொல்லால் அவர்கள் அவன் வாசலை அடைத்துப் போட்டார்கள். ஆனாலும் அவனுக்கென்று ஒரு முறை இருந்தது. தோற்கிற வழக்கைத் தோற்கும் என்று முதலிலேயே சொல்வான். தவணைக்கு மேல் தவணை கேட்டுக் கட்சிக்காரனை அலைக்கழிக்க மாட்டான். நாவிதன்வெளிப் பக்கத்து விவசாயி ஒருவன் வாய்க்கால் தண்ணீர் வழக்கோடு வந்தான். அவன் தன் ஊராரைக் கூட்டி வந்தான். மெல்ல மெல்ல, காத்திருப்பவர்கள் உட்கார அறைக்கு வெளியே ஒரு வாங்கு போடவேண்டி வந்தது.

ஆனால் வாடகையையும் வீட்டுச் செலவையும் தாங்கியது கோர்ட் அல்ல, காணி, வீட்டுப் பத்திரங்களான உறுதிகளை எழுதும் நொத்தாரிசு வேலை. அதிலும் சீதன உறுதி. அந்த ஊர்களில் பெண்ணுக்கு வீடு எழுதாமல் கல்யாணம் கிடையாது. வீடு கட்டிக் கொடுத்து, கைக்கூலி என்று காசும் கொடுத்து, அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை படியேறுவான். தகப்பன்மார் வருவார்கள். கடலில் காய்ந்து கறுத்த தகப்பன்மார், தறியில் முதுகு வளைந்த தகப்பன்மார். தாங்கள் குடியிருக்கும் வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, பின்னால் ஓலைக் கொட்டில் போட்டு ஒதுங்கப் போகிறவர்கள். அவர்கள் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தும்போது காலிதீனுக்குத் தன் தொழில்மீதே ஓர் அருவருப்பு வரும். மறுநாள் இன்னொரு தகப்பன் வருவான். அதையும் எழுதுவான். எழுதாவிட்டால் அடுப்பு எரியாது.

*

கல்யாண வீட்டுக் கதை நடந்து சில நாளில் பக்கீர் முகைதீன் ஹாஜியார் அவன் வீட்டுக்கு வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தின் தலைமை மரைக்கார். அரிசி ஆலைக்காரர். முன்வாசலில் காலிதீனின் பெயர்ப்பலகை தொங்கியது. அவர் அந்த வழியாக வராமல், ஒழுங்கையால் சுற்றிப் பின்பக்கப் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்த சுல்பிகா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

“ஒரு உறுதி எழுதோணும் தம்பி” என்றார் ஹாஜியார். நாற்காலியில் உட்கார்ந்ததும் பச்சைத் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “நம்மட மகள் நதீராக்கு மாப்புள பாத்திரிக்கு. இஞ்சினியர். அவங்க மெயின் ரோட்டுல ஊடு கேக்கிறாங்க.”

“உங்களுக்கு மெயின் ரோட்டுல ஊடு இல்லயே ஹாஜியார்.”

“மௌத்தாப் போன என்ட தம்பிட ஊடு இரிக்கே.”

காலிதீனுக்கு விளங்கியது. ஹாஜியாரின் தம்பியும் மனைவியும் அடுத்தடுத்து இறந்துபோனவர்கள். அந்த வீடு தம்பியின் மனைவிக்குச் சீதனமாக வந்தது. இப்போது அவர்களின் ஒரே மகள் றம்ஸியாவுக்கு உரியது. இருபத்திரண்டு வயது. பெரியவாப்பாவின் வீட்டில் வளர்ந்தாள். வளர்ந்தாள் என்பது ஊர்ச் சொல். அந்த வீட்டின் ஆட்டுக்கல்லும் அடுப்பும் அவள் பொறுப்பில் இருந்தன என்பதே சரி.

“அந்தப் புள்ள சம்மதிச்சிரிக்கா?”

“அவளுக்கு என்னத்தத் தெரியும்? ஊட்ட உன்ட பேருக்குச் சுத்தமா எடுத்துத் தரப்போறன், கையெழுத்து வேணும் எண்டு செல்லியிரிக்கன். மேற்கால வயலோரம் ஒரு துண்டு வளவு கிடக்கு. மறுகா அத அவளுக்குக் குடுப்பன், இன்ஷா அல்லாஹ்.” ஹாஜியார் குரலைத் தாழ்த்தினார். “உறுதிய இங்கிலீசில எழுதுங்க. அவள் தமிழ் வாசிப்பாள்.”

காலிதீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். “கல்முனையில எத்தினயோ லோயர்மார் இரிக்காங்க. என்னத்துக்கு எனக்கிட்ட வந்தீங்க?”

ஹாஜியார் சிரித்தார். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவரைப்போல நிதானமாகச் சொன்னார்.

“மத்தவங்க நம்மட ஆக்கள் தம்பி. ஒண்டா இருந்து திங்கிறம், குடிக்கிறம். கதை வெளிய போயிடும். நீங்க ஆருக்கிட்ட செல்லப் போறீங்க? செல்லினாலும் ஆரு கேக்கப் போறான்?”

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் காலிதீனால் தாங்கியிருக்க முடியும். வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார் மனிதர்.

“சும்மா செய்யச் செல்லல்ல” என்று தொடர்ந்தார். “பள்ளிக்கு எத்தினயோ வயல் வழக்கு இரிக்கு. என்ட ஆலை வழக்கு வேற. எல்லாத்தையும் உங்கட கையில தாறன். நதீராட கல்யாணத்தில என்ட சஹன்ல, என்ட பக்கத்தில உங்கள உக்கார வெக்கிறன். பக்கீர் முகைதீன் பக்கத்தில இருக்கிறவன எழும்பச் செல்ல இந்த ஊர்ல ஆரிரிக்கான்?”

வந்த வழியே, பின்படலையால் போனார்.

அவர் போனதும் சுல்பிகா வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“எழுதிக் குடுங்க” என்றாள்.

“சுல்பிகா!”

“எழுதிக் குடுங்க எண்டுதான் செல்றன். என்ட வாப்பா சாகிற வரைக்கும் நாய்க்கு வெக்கிற மாதிரி மூலையில வெச்சதத் திண்டாரு. நாளைக்கு நமக்கொரு புள்ள பிறந்தா அதுவும் மூலையிலயா இரிக்கோணும்? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீங்க அவங்களோட உக்காந்து திண்டத ஊர் கண்டிட்டாப் போதும். அதுக்குப் பொறகு எவனும் எழும்ப மாட்டான். தொழிலும் நிக்கும்.”

“அந்தப் புள்ளைக்கு வாப்பாவும் இல்ல, உம்மாவும் இல்ல.”

“அவள் ஹாஜியார்ட ரெத்தம். அவள அவங்க பாத்துக்கட்டும். நமக்கு எண்டைக்கு எவன் அழுதான்?”

அவனால் அவளைக் கோபிக்க முடியவில்லை. அவள் கேட்டது சோறு அல்ல என்று அவனுக்குத் தெரியும்.

அடுத்த நாள் கோர்ட் முடிந்து வந்தபோது, பெயரைச் சொல்லாமல் கனகரெத்தினத்திடம் விஷயத்தைச் சொன்னான். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

“கையெழுத்து வைக்கிறவங்களுக்கு வாசிச்சு விளங்கப்படுத்தினது எண்டு கடைசியில ஒரு வரி எழுதுவம் தானே, தம்பி. அத எழுதும்போது நான் எத்தினயோ தரம் யன்னலுக்கு வெளிய பாத்திரிக்கன். இல்லாட்டி இந்தக் கட்டிடம் எழும்பியிராது.”

சொல்லிவிட்டு எழும்பிப் போய் யன்னலுக்கு வெளியே துப்பினார்.

காலிதீன் உறுதியை எழுதினான். ஆனால் தமிழில் எழுதினான். அதற்குமேல் என்ன செய்யப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது. மற்றவர்களைப்போல வாய்க்குள் முணுமுணுத்து வாசித்துவிட்டு வந்துவிடலாம் என்ற எண்ணமும் அவனுக்குள் இருந்தது. ஹாஜியாரின் வீட்டுப் படியேறும்போதும் அது போகவில்லை.

*

கூடத்தில் பாய் விரித்து, நடுவில் ஒரு மேசை போட்டிருந்தது. ஹாஜியாரும், சாட்சிக்கு அவருடைய ஆலைக் கணக்குப்பிள்ளையும், மச்சினன் முறையான ஒருவரும் இருந்தார்கள். அறை வாசலில் திரைச்சீலை. அதன் பின்னால் பெண்கள். ஹாஜியாரின் மனைவி சல்மா உம்மாவின் வளையல் சத்தம் கேட்டது.

“தமிழ்லயா எழுதியிரிக்கீங்க?” தாளை எட்டிப் பார்த்த ஹாஜியாரின் முகம் சுருங்கியது.

“இங்கிலீசில எழுதினா வாசிச்சுக் கருத்துச் செல்லோணும், ஹாஜியார். அது இன்னும் கரைச்சல்.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சரி, சரி. கெதியா முடியுங்க.” திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “றம்ஸியா! கைய நீட்டு புள்ள.”

திரைக்குக் கீழிருந்து ஒரு கை வந்தது. அம்மி அரைத்துக் காய்ப்பேறிய கை. நகத்தில் மஞ்சள் ஏறியிருந்தது. கணக்குப்பிள்ளை பேனாவை அதில் வைத்தார். கை மூடிக்கொண்டது. என்ன தாள் என்று அது கேட்கவில்லை.

“எங்க வெக்க, பெரியவாப்பா?” என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல்.

காலிதீனின் உடம்பு கூசியது. சஹனில் இருந்து எழும்பிப் போனவர்களைப் பார்த்தபோதுகூட அவனுக்கு இப்படி ஓர் அருவருப்பு வந்ததில்லை. அன்றைக்கு அவமானப்பட்டது அவன். இன்றைக்கு அந்தக் கைக்குக் கீழே தாளை நகர்த்த வேண்டியவனும் அவன்.

“கொஞ்சம் பொறுங்க தங்கச்சி” என்றான். “வாசிச்சுக் காட்டோணும்.”

“அது ஒரு சடங்கு” என்றார் ஹாஜியார். “தேவல்ல.”

“தேவை, ஹாஜியார். வாசிச்சதா நான் கையெழுத்து வெக்கோணும்.”

அவன் வாசித்தான். கோர்ட்டில் சாட்சிக்காரனுக்கு வாசிப்பதுபோல, கூடத்தின் கடைசி மூலைக்கும் கேட்கும்படி வாசித்தான். காணியின் எல்லைகளை வாசித்தான். கிழக்கே இன்னார் வளவு, மேற்கே பெரிய தெரு, வீடும் கிணறும் தென்னைகளும் அடங்கலாக என்று வாசித்தான். “கெதியா, கெதியா” என்று ஹாஜியார் தொடையில் தட்டினார். அவன் வேகத்தைக் கூட்டவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் தாளை மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துப் பேசினான்.

“தங்கச்சி, இது ஊட்ட உங்கட பேருக்கு எடுக்கிற உறுதி இல்ல. உங்கட உம்மாட ஊட்ட நீங்க நதீராக்கு எழுதிக் குடுக்கிற உறுதி. இதில கையெழுத்து வெச்சா, அந்த ஊட்டுலயும் வளவுலயும் உங்களுக்கு ஒரு உரித்தும் இல்ல. பதிலுக்கு உங்களுக்கு ஏதும் தாறதா இதில ஒரு எழுத்தும் இல்ல. விளங்கிச்சா?”

வளையல் சத்தம் நின்றது.

“விளங்கினா செல்லுங்க. சம்மதம் எண்டாலும் செல்லுங்க. நீங்க வாய் தொறக்காம நான் தாளத் தரமாட்டன்.”

திரைக்குக் கீழே அந்தக் கை அசையாமல் இருந்தது. பிறகு மெல்ல விரிந்தது. பேனா சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டு மேசைக் காலில் முட்டி நின்றது. கை உள்ளே போய்விட்டது.

ஹாஜியார் கத்தவில்லை. தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். சாட்சிக்கு வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

“வாப்பா கத்தியால வெட்டினான். மகன் வாயாலயே வெட்டிப்போட்டான். ஒஸ்தாப் புத்தி எங்க போகும்?”

காலிதீன் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டான். “பேனா உங்கட, ஹாஜியார்” என்றான். முன்வாசல் வழியாக வெளியே வந்தான்.

வீட்டுக்கு வந்து சுல்பிகாவிடம் சொன்னபோது அவள் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அந்தப் புள்ள என்ன செஞ்சாள்?” என்று கேட்டாள். பேனாவைக் கீழே போட்டாள் என்றான். “அல்லாஹ்வே” என்று சொல்லிவிட்டு அவனுக்குச் சோறு போட எழும்பினாள்.

*

ஊர் தன் வேலையைச் செய்தது. பள்ளிவாசலில் யாரும் எதையும் அறிவிக்கவில்லை, எழுதி ஒட்டவில்லை. கல்யாண மாதம் வந்தது. சீதன உறுதிக்காரர்கள் அவன் அறையைத் தாண்டிப் போனார்கள். புடவைக்கடைக்காரர் தெருவில் கண்டால் கடைக்குள் துணி எடுக்கக் குனிந்துகொள்வார். ஹாஜியாரின் ஆலை வழக்குகள் கனகரெத்தினத்திடம் போயின. அவர் வெற்றிலையை மென்றபடி, “உமக்கு வரவேண்டியது தம்பி” என்று சொல்லிவிட்டு அவற்றை எடுத்துக்கொண்டார். நதீராவுக்கு வேறோர் இடத்தில் காணி வாங்கி வீடு எழும்பியது. இஞ்சினியர் மாப்பிள்ளை பொறுத்திருந்து எடுத்துக்கொண்டார்.

காலிதீனின் வருமானம் பாதியானது. வாடகை நிலுவையானது. சுல்பிகா தன் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் அவனை நிறுத்தி வைத்தவர்கள், அவன் எதிர்பார்க்காத ஆட்கள். முதலில் மருதமுனையிலிருந்து ஒரு கைம்பெண் வந்தாள். மைத்துனன் நீட்டிய தாளில் கையெழுத்து வைத்துவிட்டுத் தறிக்கொட்டிலை இழந்தவள். “நீங்கதானாம் வாசிச்சுக் காட்டுற லோயர்” என்றாள். அவளைப்போல இன்னும் சிலர் வந்தார்கள். முக்காட்டுக்குள் சுருண்ட தாள்களை வைத்துக்கொண்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வந்தார்கள். நாவிதன்வெளிக்காரர்கள் தங்கள் தண்ணீர்ச் சண்டைகளோடு தொடர்ந்து வந்தார்கள். அவர்களால் பெரிதாகக் கொடுக்க முடியாது. ஆனால் வருவது நிற்கவில்லை. சீதன உறுதியில்லாமலும் ஒரு நொத்தாரிசின் அடுப்பு எரியும் என்று அவனுக்கு மெல்லத் தெரியவந்தது.

றம்ஸியா பெரியவாப்பாவின் வீட்டை விட்டு வந்துவிட்டாள். உம்மாவின் அக்கா ஆமினா உம்மா அவளோடு வந்து அந்த மெயின் ரோட்டு வீட்டில் தங்கினாள். ஹாஜியாரின் ஆட்கள் வந்து பெட்டியைக் கிளறுகிறார்கள் என்று அவர்கள் இருவரும் வீட்டின் பழைய உறுதியைக் கொண்டுவந்து காலிதீனின் அலுமாரியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு மழை போனபின், ஒரு முற்பகலில் இருவரும் திரும்பி வந்தார்கள். மேசைக்கு முன்னால் கிடந்த வாங்கில் உட்கார்ந்தார்கள். ஆமினா உம்மாவின் முகத்தில் கல்யாணக் களை.

“நம்மட புள்ளைக்கு எடம் சரிவந்திரிக்கு, தம்பி. வாத்தியார். நல்ல குடும்பம். அந்த உறுதிய எடுத்துட்டுப் போகலாம் எண்டு வந்தம்.”

“நல்லது. என்னத்துக்கு உறுதி?”

“மாப்புள ஊட்டார் ஊட்டுல பாதிய மாப்புளட பேர்ல எழுதக் கேக்கிறாங்க. எழுதித்தானே ஆகோணும்?” ஆமினா உம்மா முந்தானையை முறுக்கினாள். “உங்களக் கொண்டு எழுதத்தான் நாங்க நெனச்சம், வல்லாஹி. அவங்கதான்... கோவிக்காதீங்க தம்பி. ஒஸ்தாட கை பட்ட உறுதியோட குடும்பம் தொடங்கினா வெளங்காதாம். வேற நொத்தாரிச அவங்களே பேசிட்டாங்க.”

காலிதீனுக்குக் கோபம் வரவில்லை. அழுகின மீனை மிதித்தவன் காலைத் தூக்குவதுபோல ஒரு கூச்சம் மட்டும் வந்தது. எழும்பி அலுமாரியைத் திறந்தான். உறுதியை எடுத்து மேசையில் வைத்தான்.

“பக்கங்கள் சரியா இரிக்கா எண்டு பாத்து எடுங்க” என்றான்.

ஆமினா உம்மா கையை நீட்டினாள். அதற்குமுன் றம்ஸியாவின் கை தாளின்மேல் விழுந்தது.

அவள் இதுவரை அவனோடு நேருக்கு நேர் பேசியதில்லை. இப்போதும் அவனைப் பார்த்துப் பேசவில்லை. தன் பெரியம்மாவிடம்தான் பேசினாள்.

“பெரியம்மா, ஒஸ்தாட மகன் எழுதின உறுதி ஆகாது எண்டா, ஒஸ்தாட மகன் காப்பாத்தித் தந்த ஊடும் ஆகாதுதானே?”

“என்னடி கதைக்கிறா?”

“அவங்களுக்கு ஆகாத ஊட்ட அவங்களுக்கு எப்பிடிக் குடுக்கிற? ஊடு இல்லாம என்ன மட்டும் எடுப்பாங்களா எண்டு கேட்டுப் பாருங்க.”

“ஊர் சிரிக்கும்டி!”

“சிரிக்கட்டும். கேட்டுப் பாருங்க.”

உறுதியை இரண்டு கையாலும் எடுத்து, காலிதீனின் பக்கம் நகர்த்தி வைத்தாள். “இது இஞ்சயே இரிக்கட்டும் நானா” என்றாள், கூடப்பிறந்த அண்ணனிடம் சொல்வதுபோல. வாங்கிலிருந்து எழும்பி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பெரியம்மா வருகிறாளா என்று பாராமல் வெயிலில் இறங்கி நடந்தாள். ஆமினா உம்மா திட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

ஆமினா உம்மா கேட்கத்தான் செய்தாள். வேறு வழி இருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வாரமே வேறோர் இடத்தில் பெண் பார்த்து முடித்துவிட்டார்கள். அந்தப் பெண்ணின் வீடும் மெயின் ரோட்டில்தான் இருந்தது, மாடியோடு.